இறுதியாட்டத்தில் இறங்காத தலைவர்

(கோயம்புத்தூரில் பள்ளி, கல்லூரிக் கால்பந்து அணித் தலைவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, இந்தப் பருவத்தின் இறுதியாட்டங்களுக்கு அணியை அழைத்துச் செல்லவிருக்கும் தலைவர்களே, தலைவிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

2022 ஜூலை 31 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் மகளிர் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதிய அந்த ஆட்டத்தைக் காண 87,192 பேர் அரங்கில் கூடியிருந்தார்கள். ஜெர்மனி அணியின் தலைவி அலெக்சாண்ட்ரா பாப் அந்தத் தொடரில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் கோல் அடித்து, மொத்தம் ஆறு கோல்களோடு இறுதியாட்டத்துக்கு வந்திருந்தார். அரையிறுதியில் பிரான்சை வென்ற இரண்டு கோல்களும் அவருடையவைதாம். 2013, 2017 ஆகிய இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் காயத்தால் இழந்தவர் அவர். இறுதியாட்டத்தில் களமிறங்கும் பதினொருவர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. ஆட்டத்துக்கு முன்பு உடலைச் சூடேற்றும் பயிற்சியில் இருந்தபோது தசைக் கோளாறால் ஆட இயலாது என்பது உறுதியாயிற்று. அவர் இடத்தில் லியா ஷூலர் இறங்கினார். தலைமைப் பட்டையை ஸ்வென்யா ஹூத் கட்டிக்கொண்டார். கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 2-1 என வென்றது.

தலைவி ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று உலகம் பேசியது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்பதால் நான் அதற்குள் போகவில்லை. என் மனத்தில் நிற்பது, அந்த முடிவு ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது என்பதுதான். பட்டியலில் உள்ள ஒருவர் ஆட்டம் தொடங்கும் முன் காயத்தால் விலகினால், அவருக்குப் பதிலாக வருபவர் மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேரமாட்டார். ஆகவே ஜெர்மனி தன் தலைவியை இழந்ததே தவிர, தனக்கு உரிய மாற்றுகளில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. அன்று களமிறங்கிய ஷூலர்தான் அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் முன்கள வீராங்கனையாகத் தொடங்கியவர். கொரோனா தொற்றால் அவர் ஒதுங்க நேர்ந்தபோதுதான் பாப் அந்த இடத்துக்கு வந்திருந்தார். தலைவியின் இடத்துக்கு ஆயத்தமான ஒருவர் அணியில் இருந்தார் என்பதை நம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2014 மே 24 அன்று லிஸ்பனில், ஐரோப்பியக் கழக அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் நடந்தது. அத்லெடிகோ மாட்ரிட் அணியின் முன்கள வீரர் தியேகோ கோஸ்டாவுக்குத் தொடையின் பின்தசையில் காயம். அவர் தலைவர் அல்லர். ஆனாலும் அந்த அணி அவர் காலை நம்பியே அந்த ஆண்டு முழுவதும் ஆடியது. சிறப்புச் சிகிச்சை என்று பெல்கிரேடு வரை போய்வந்தார், இறுதியாட்டத்தில் இறக்கினார்கள், ஒன்பதாவது நிமிடத்தில் வெளியேறினார். அன்றைய விதிப்படி மூன்று மாற்றுகள்தாம்; அவற்றில் ஒன்று ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. 1-0 என முன்னிலையில் இருந்த அத்லெடிகோவை, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் சேர்த்த மிகைநேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் எதிரணியான ரியல் மாட்ரிட்டின் செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டிய பந்து சமநிலைக்கு இழுத்தது. மூன்று மாற்றுகளையும் ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட அணி, கூடுதல் நேரத்தில் களைத்த கால்களோடு நின்று மேலும் மூன்று கோல்களை வாங்கி, 4-1 எனத் தோற்றது. காயத்தோடு இறங்கும் ஒருவர் தம் உடம்பை மட்டும் பணயம் வைக்கவில்லை, அணியின் மாற்று ஒன்றையும் சேர்த்தே பணயம் வைக்கிறார் என்பது அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி நம் மைதானங்களுக்கு வருகிறேன். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ திருப்பூரிலோ பொள்ளாச்சியிலோ, கோடையில் இறுகிக் கிடக்கும் செம்மண் தரையில் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அரையிறுதியில் தலைவனுக்கு முழங்கால் திருகிக்கொள்கிறது. அன்றிரவு எண்ணெய் தேய்த்து நீவி விடுகிறார்கள் அல்லது நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போடுகிறார்கள். இறுதியாட்டத்தன்று காலை க்ரேப் பேண்டேஜைச் சுற்றி, மேலே ஸ்பிரே அடித்து, வலி மாத்திரை ஒன்றும் கொடுத்தாகிவிடும். ஆசிரியர் கேட்டால், "ஒண்ணுமில்லீங்க சார், ஆடிருவேனுங்க" என்பான் அந்தப் பையன். பக்கத்தில் நிற்கும் தகப்பனாரும், "இறக்கி விடுங்க சார், தாங்கிக்குவானுங்க" என்பார். இருவர் சொல்லிலும் பொய் இல்லை. உண்மையாகவே அவனால் நடக்க முடிகிறது, நேராக ஓடவும் முடிகிறது. ஆபத்து இருப்பதும் அதிலேதான்.

முழங்காலின் உள்ளே தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் குறுக்காகப் பிணைக்கும் தசைநார் ஒன்று உண்டு. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள், நம் பிள்ளைகள் லிகமென்ட் என்கிறார்கள். யாரும் இடிக்காமலேயே, ஓடிவந்த வேகத்தில் சட்டென நின்று திரும்பும்போது அது கிழிந்துவிடக்கூடும். கிழியும்போது பலருக்கு உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிவிடும். பிறகு நாள்கள் செல்லச் செல்ல வீக்கம் வடியும், வலி குறையும், ஆறிவிட்டது என்றே தோன்றும். அச்சாணி தளர்ந்த வண்டி நேர்ப்பாதையில் உருண்டுகொண்டுதான் இருக்கும்; திருப்பத்தில்தான் சக்கரம் கழலும். கால்பந்தாட்டமோ முழுக்க முழுக்கத் திருப்பங்களால் ஆனது. கிழிந்த தசைநாரோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் மூட்டு நழுவுகிறது, நழுவும்போது உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற மெத்தைக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழிகிறது. முதலில் ஒரு தசைநாரைச் சீரமைத்தால் போதும் என்றிருந்த மூட்டு, சில ஆண்டுகளில் தேய்ந்த மூட்டாகிவிடுகிறது. முப்பது வயதில் படி ஏறச் சிரமப்படும் பழைய ஆட்டக்காரர்களை நீங்களும் உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். எலும்பு மூட்டு மருத்துவத்துக்காக வெளிமாநிலத்தாரும் தேடிவரும் இந்தக் கோவையில், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அத்தனை தாமதமாக மருத்துவரிடம் வருவது எனக்குப் பெரும் வேதனை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தசைநார் கிழியும் வாய்ப்பு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. அப்படியிருந்தும் காயத்தை மறைப்பதில் பெண் பிள்ளைகளே முன்னால் நிற்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாள் முதல் மைதானத்துக்கே அனுப்பமாட்டார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. ஆகவே இங்கே வந்திருக்கும் தாய்மார்களிடம் நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: மகள் காலைத் தாங்கித் தாங்கி நடந்தால், "இனி ஆட்டமே வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அடுத்த காயத்தை அவள் உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

பையன்கள் மறைப்பதற்கு வேறு காரணம் உண்டு, அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். குடியரசு தினப் போட்டியாகட்டும், முதலமைச்சர் கோப்பையாகட்டும், இறுதியாட்டம் என்பது கோப்பைக்கான ஆட்டமாக மட்டும் இருப்பதில்லை. மாநில அணித் தேர்வு, சான்றிதழ், அதைக் கொண்டு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், அதற்கப்பால் ஒரு வேலை என்று ஒரு குடும்பத்தின் எதிர்காலமே அந்த ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தறிப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை, வலிக்கிறது என்று சொல்வதற்கு முன் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கிறான். அவனைக் கோழை என்றோ பேராசைக்காரன் என்றோ சொல்ல எனக்கு நாவெழாது.

விலகினால் இடம் பறிபோகும் என்ற பயமும் வெறும் கற்பனையன்று. 2010 மே 15 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் செல்சி அணிக்காக ஆடிய மிக்கேல் பாலாக், எதிரணி வீரர் ஒருவரின் மோதலால் கணுக்காலில் காயமடைந்தார். ஜெர்மனியின் தலைவராக அவர் போகவிருந்த உலகக் கோப்பை அத்தோடு கைநழுவியது. பிலிப் லாம் தலைமையேற்றார், அணி மூன்றாமிடம் பெற்றது, தலைமையைத் தொடர விரும்புவதாக லாம் அந்தத் தொடரின்போதே வெளிப்படையாகச் சொன்னார். பாலாக் அதன்பின் ஜெர்மனிக்காக ஆடவே இல்லை. இத்தகைய செய்திகள் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்தவைதாம். ஆகவே, காயத்தால் விலகும் தலைவனுக்கு, "நீ ஆறித் திரும்பும் நாளில் இந்தப் பட்டை உன்னுடையதே" என்ற வாக்கை ஆசிரியர் அணியின் முன்னிலையிலேயே, பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். இங்கிலாந்து மகளிர் அணித் தலைவி லியா வில்லியம்சனுக்கு அது கிடைத்தது. 2023 ஏப்ரலில் அவருக்கு ஏ.சி.எல். கிழிந்தது, இங்கிலாந்து இறுதியாட்டம் வரை சென்ற அந்த ஆண்டின் உலகக் கோப்பையை அவர் இழந்தார். ஏறத்தாழ ஒன்பது மாதம் பொறுத்து ஆட்டத்துக்குத் திரும்பினார். 2025 ஜூலை 27 அன்று பாசெல் நகரில் ஸ்பெயினை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியின் தலைவி அவரே. ஒன்பது மாதத்துக்கு முன்பே திரும்புகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அந்தப் பொறுமையை ஏதோ பெரிய அணியின் வசதி என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

இங்கே ஒருவர் எழுந்து, "பரேசி ஆடவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இத்தாலியின் தலைவர் பிராங்கோ பரேசி 1994 உலகக் கோப்பையில், ஜூன் 23 அன்று நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் மெனிஸ்கஸ் கிழிந்து வெளியேறினார். அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஜூலை 17 அன்று பசடீனாவில் பிரேசிலுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இறங்கினார். முப்பத்துநான்கு வயதில், கொளுத்தும் வெயிலில், 120 நிமிடமும் பிரேசிலின் முன்களத்துக்கு வழிவிடாமல் அவர் ஆடிய ஆட்டத்தை நான் இன்றும் வியக்கிறேன். கடைசியில் பெனால்டியை அவர் கோல்கம்பத்துக்கு மேலே அடித்தது அந்த ஆட்டத்தின் பெருமையைக் குறைத்துவிடவில்லை. ஆனால் அவர் காயத்தை மறைக்கவில்லை. என்ன கிழிந்தது என்பது அன்றே கண்டறியப்பட்டது, சிகிச்சை நடந்தது, அணி மருத்துவர்களின் கண்காணிப்பில் கால் தேறியது. காயத்தின் பெயரே தெரியாமல் பேண்டேஜைச் சுற்றி இறக்கும் நாம், பரேசியை எடுத்துக்காட்டாகச் சொல்லும் தகுதியை இன்னும் பெறவில்லை.

ஆகவே நான் வலியுறுத்துவது இதுதான்: ஆடுவதா வேண்டாமா என்ற முடிவைக் காயம்பட்டவரிடம் விடாதீர்கள். தலைவர் என்றால் இன்னும் உறுதியாக விடாதீர்கள், ஏனெனில் அணிக்காக வலியைப் பொறுப்பவரைத்தானே நாம் தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவரிடம் கேட்டால் என்ன விடை வரும் என்பது கேட்கும் முன்பே தெரிந்ததுதான். இதே ஊரின் நேரு விளையாட்டரங்கில் 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டம் பெற்றதை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். அத்தகைய அணிகளுக்கு முடிவைச் சொல்ல மருத்துவரும் பிசியோவும் உண்டு. நம் பள்ளி அணிக்கு ஐஸ் பெட்டி ஒன்றும் ஆசிரியர் ஒருவரும்தான். இருந்தாலும் ஆசிரியரால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மூட்டு வீங்கியிருந்தால் அதற்குமேல் பேச்சே வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். வீக்கம் இல்லையென்றால், மாத்திரையோ ஸ்பிரேயோ இல்லாத நிலையில், காயம்பட்ட காலால் மட்டும் துள்ளச் சொல்லி எவ்வளவு தூரம் போகிறான் என்று அளந்து, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்பது பங்குகூடத் தேறாவிட்டால் அந்தக் கால் ஆயத்தமாகவில்லை. அதில் தேறினால், முழு வேகத்தில் ஓடி நிற்கவும், இடமும் வலமும் வெட்டித் திரும்பவும், நெடும்பந்து உதைக்கவும் சொல்லுங்கள். வாய் சொல்லாததை முகம் சொல்லிவிடும். இதெல்லாம் ஆட்டத்துக்கு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் அணிகளின் பெயர் அழைக்கப்பட்டு, ஊரே சுற்றி நின்று கைதட்டும்போது எந்த ஆசிரியராலும் தெளிவாக முடிவெடுக்க முடியாது.

விலக்கப்பட்ட தலைவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். கால்பந்து விதிகளின்படி தலைவருக்குச் சிறப்பு உரிமை எதுவும் கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டுமே உண்டு. அப்படியானால் தலைமையின் பெரும்பகுதி விதிப்புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. எதிரணியின் இடது பின்கள வீரன் எந்தப் பக்கம் தடுமாறுகிறான் என்பதை வெளியே அமர்ந்திருப்பவரால்தான் நன்றாகப் பார்க்க முடியும். இடைவேளையில் அதைச் சொல்ல அவர் அங்கே இருக்க வேண்டும். துணைத் தலைவரையும் பெயரளவுக்கு வைக்காமல், பருவத்தின் சில ஆட்டங்களிலாவது பட்டையைக் கொடுத்துப் பழக்குங்கள்.

போட்டி நடத்தும் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள், உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அரையிறுதி வரை ஆடிக் காயத்தால் இறுதியாட்டத்தில் இறங்காத பிள்ளையின் பெயர் சான்றிதழிலிருந்தோ மாநிலத் தேர்வுக்கான பட்டியலிலிருந்தோ விடுபடக் கூடாது. மருத்துவரின் கடிதத்தோடு வரும் அந்தப் பிள்ளைக்குத் தேர்வாட்டத்தைப் பின்னொரு நாளில் வைக்க வழிசெய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. இந்த ஆண்டுப் போட்டிகளுக்கான விதித்தாளை நீங்கள் இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்று அறிகிறேன். அதிலேயே இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.