பெயர் சொல்லாத செய்தி

நேயர்களுக்கு வணக்கம்.

1948 ஜனவரி 28. கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்ற ஊருக்குப் பக்கத்தில், லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் மெக்சிகோவிலிருந்து வந்து பண்ணைகளில் வேலை செய்தவர்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். விமானியின் பெயரும் கூட வந்த காவலரின் பெயரும் செய்தியில் வந்தன. இந்த 28 பேர் மட்டும் ‘நாடு கடத்தப்பட்டவர்கள்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனார்கள். நியூயார்க்கில் இருந்த ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதினார். உண்மைப் பெயர்கள் தெரியாததால் ஹுவான், ரோசலீத்தா என்று தானே பெயர் வைத்து அவர்களுக்கு விடை கொடுத்தார்.

அவர்தான் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி.

1912 ஜூலை 14 அன்று ஒக்லஹோமா மாநிலத்தின் ஒகீமாவில் பிறந்தவர். அம்மா நோரா பழைய கதைப்பாடல்களை வீட்டில் பாடிக்கொண்டே இருப்பார். வுடிக்கு முதல் பாடசாலை அதுதான். அக்கா கிளாரா 14 வயதில் தீக்காயத்தால் இறந்தாள். அப்புறம் அம்மாவின் நடத்தை மாறியது, கைகால்கள் அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனநல மருத்துவமனையிலேயே அவர் காலம் முடிந்தது. அது ஹண்டிங்டன் என்ற பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

1935 ஏப்ரல் 14. டெக்சஸின் பாம்பா ஊரில் இருந்தார் வுடி. புல்வெளிகளை உழுது மண்ணைத் திறந்துபோட்ட நிலத்தில் வறட்சி வந்து, அந்த மண் கருஞ்சுவராக எழுந்து வந்தது. உலகம் அழியப்போகிறது என்று சிலர் நினைத்தார்கள். அதைக்கூட அவர் பாட்டாக்கினார். பிழைப்புத் தேடி மேற்கே போன ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு அவரும் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்தார்.

1937இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கே.எஃப்.வி.டி. வானொலியில் பாடத் தொடங்கினார். ஒரு நாள் கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல் உள்ள பழைய பாட்டு ஒன்றை அறிமுகப்படுத்தினார். கறுப்பின இளைஞர் ஒருவர் மனம் புண்பட்டுக் கடிதம் எழுதினார். வுடி அந்தக் கடிதத்தை ஒலிபரப்பிலேயே படித்துக்காட்டி மன்னிப்புக் கேட்டார். அவருடைய புகழ்பெற்ற பாடல்களைவிட எனக்கு இந்தச் சம்பவம்தான் பெரிதாகத் தெரிகிறது. மைக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் மனிதர்தான் என்று அவருக்கு உறைத்த நாள் அது.

மெட்டுகளை அவர் பெரும்பாலும் புதிதாக உண்டாக்கவில்லை. மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் அன்றைய செய்தியை ஏற்றினார். கும்மியிலும் நொண்டிச் சிந்திலும் பாரதி புதுச் சேதி சொன்னதை அறிந்த நமக்கு இது அந்நியமில்லை. தெரிந்த மெட்டு என்றால் கேட்ட மறுநிமிடமே கூடச் சேர்ந்து பாடலாம், இல்லையா?

‘இந்த மண் உன்னுடைய மண்’ என்ற பாட்டும் அப்படித்தான் பிறந்தது, 1940 பிப்ரவரியில். பள்ளிப் பிள்ளைகள் நாட்டைப் போற்றும் பாட்டாகவே அதைப் பாடி வளர்ந்தார்கள். ஆனால் அவர் எழுதிய தாளில் வேறு அடிகளும் உண்டு: ‘தனியார் சொத்து’ என்று தடுக்கும் சுவர், நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்கும் மக்கள். பல ஆண்டுகள் அவை பரவலாகப் பாடப்படவில்லை. 2009இல் ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவிடத்தில் நடந்த இசை விழாவில் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அவற்றையும் சேர்த்தே பாடினார். அப்போது அவருக்கு வயது 89.

அம்மாவின் நோய் வுடிக்கும் வந்தது. 1952இல் உறுதியானது. கடைசி ஆண்டுகளெல்லாம் மருத்துவமனைகளில். கிதார் பிடித்த கை அடங்காமல் ஆடியது, பேச்சும் மெல்லப் போனது. 1961இல் 19 வயதுப் பையன் ஒருவன் அவரைத் தேடி வந்து, அவருடைய பாடல்களை அவருக்கே பாடிக் காட்டினான். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பாடகர் பாப் டிலன்தான் அவன். 1967 அக்டோபர் 3 அன்று, 55 வயதில் வுடி காலமானார். அவருடைய முன்னாள் மனைவி மார்ஜரி அதே ஆண்டில் ஹண்டிங்டன் நோயாளிகளுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

சரி, அந்த விமானப் பாட்டுக்கு வருகிறேன். வுடி எழுதியபோது அதற்குச் சரியான மெட்டு அமையவில்லை. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஹாஃப்மன் என்ற ஆசிரியர் மெட்டமைத்தார். சீகர் மேடைகளில் பாடினார், பாட்டு பரவியது. ஃப்ரெஸ்னோ கல்லறையில் அந்த 28 பேரும் பெயரில்லாமல் ஒரே குழியில் கிடந்தார்கள். ‘மெக்சிகோ குடிமக்கள் 28 பேர்’ என்று மட்டும் ஒரு கல். வுடியின் பாட்டு கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளர் பதிவேடுகளைத் தேடினார், உறவினர்களைத் தேடினார்.

2013 செப்டம்பரில் அதே இடத்தில் புதிய கல் வைத்தார்கள். அதில் 28 பெயர்கள் இருக்கின்றன.