கணப்பைச் சுற்றி ஒரு நாள்

(கொடைக்கானலில் ஒரு மழை மாலையில் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மழையிலும் குடை பிடித்து வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம், ஒரு நாள் முழுவதும் கைப்பேசியை ஒதுக்கிவிட்டுக் குடும்பத்தோடு வீட்டிலேயே இருப்பது எப்படி என்று பேசுவது சற்று வேடிக்கைதான். ஆயினும் இந்தப் பேச்சு சமவெளியில் இருப்பவர்களைவிட நமக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓய்வு தேடி வருபவர்களுக்கு அறை கொடுப்பதும், வண்டி ஓட்டுவதும், சோளக்கதிர் சுட்டு விற்பதும், சாக்லேட் பொட்டலம் கட்டிக் கொடுப்பதும் நம்மில் பலருடைய பிழைப்பு. அவர்கள் குடும்பத்தோடு களிக்கும் நாளெல்லாம் நமக்கு வேலை நாள். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகள் இணையத்தில் அனுமதி பெற்று வரும் இ-பாஸ் முறை வந்த பிறகும், சீசன் நேரத்தில் நம் வீடுகளில் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது அரிதாகவே இருக்கிறது. ஆகவே நம்முடைய ஓய்வு நாளை ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்தான் தேடிப்பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மழை விடுமுறை விடப்படும் நாள் அதற்கு மிகவும் வாகானது. ஆட்சியர் விடுமுறை அறிவித்த செய்தி கைப்பேசி வழியாகத்தான் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டுக் கீழே வைத்துவிடலாம்.

எப்படி வைப்பது என்பதில் நான் ஒரு முறை தோற்றிருக்கிறேன். வீட்டிலிருந்த கைப்பேசிகளையெல்லாம் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, மாலை வரை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். காலை பத்து மணிக்கு டிரம்மைத் திறந்தவன் நானே. என் தம்பி வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறியிருந்தான். மலைப்பாதையில் மரம் விழுந்ததோ, மண் சரிந்ததோ என்ற கவலை என்னை உட்கார விடவில்லை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. மழைக்காலத்தில் மலையில் இருப்பவர் தொலைபேசித் தொடர்பை முற்றிலும் துண்டித்துக்கொள்வது அறிவுடைமை அன்று. இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, இணையம் நிறுத்தப்பட்டு, மணி ஒலிக்கும்படி கூடத்து அலமாரியில் இருக்கும். அவசரமென்றால் அந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று உறவினர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம். மற்றவை அணைந்து கிடக்கும்.

கைப்பேசியை எடுத்துவிட்டால் நாள் தானாக இனித்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. கைக்கும் வாய்க்கும் வேலை வைக்காமல் பிள்ளைகளிடமிருந்து அதை வாங்கினால், அரை மணி நேரத்தில் சண்டைதான் மூளும்.

கைக்கான வேலையைச் சமையலறை தரும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 100 பாகையை எட்டுவதற்கு முன்பே, ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவது அதனால்தான்; அவசர நாட்களில் குக்கர் இல்லாமல் நமக்கு ஆகாது. இந்த ஒரு நாளைக்கு மட்டும் குக்கரை மறந்துவிட்டு, மொச்சையை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் அடுப்பில் ஏற்றிவிடுங்கள். அது வேகும் நேரம் முழுவதும் எல்லோரும் வட்டமாக அமர்ந்து பூண்டு உரிக்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டை ஒரு படி உரிப்பதென்றால், ஐந்து பேருக்கும் நல்ல வேலை இருக்கும். விரல் எரியும், மூக்கு ஒழுகும், பேச்சு தானாக வளரும்.

குளிருக்குக் கணப்பு வேண்டும். இங்கே மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுப்புக்கரி எரியும் சட்டியைக் கதவும் சன்னலும் அடைத்த அறையில் வைத்துவிட்டு உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகளை, இந்த ஊரிலிருந்தே, நாம் படித்திருக்கிறோம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை அது எழுப்பாது. புகைபோக்கி உள்ள கணப்படுப்பு இருந்தால் அதைச் சுற்றி அமருங்கள். கரிச்சட்டிதான் இருக்கிறது என்றால் அதைத் திறந்த தாழ்வாரத்தில் வைத்துக் கைகாயுங்கள். எக்காரணத்தாலும் படுக்கையறைக்கு எடுத்துப் போகாதீர்கள். கம்பளியும் சுக்குக் காப்பியும் போதும்.

இனி வாய்க்கான வேலை. "பாட்டி, பழைய கதை சொல்லுங்கள்" என்று பேரப்பிள்ளை கேட்டால், "என்னத்தைச் சொல்ல" என்ற மறுமொழிதான் வரும். கேள்விக்கு ஒரு கொக்கி வேண்டும். நம் மலைக்கு இயற்கையே அப்படியொரு கொக்கியைக் கொடுத்திருக்கிறது. குறிஞ்சி 1994-இல் பூத்தது, 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. "குறிஞ்சி பூத்த அந்த 94-ஆம் வருடம் நாம் எந்த வீட்டில் இருந்தோம்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு முற்பகல் முழுவதும் போதவில்லை. அப்போதைய வாடகை, கூரையில் மழை ஒழுகிய இடம், ஒருவருக்கொருவர் பேசாதிருந்த இரண்டு பெரியப்பாக்கள், பிறந்து இறந்துபோன ஒரு குழந்தை என்று, நான் அறுபது வயது வரை அறியாதவற்றை என் தாயார் அன்றுதான் சொன்னார். பேத்தி ஒரு நோட்டில் பூத்த ஆண்டுகளைத் தலைப்பாக இட்டு எழுதிக்கொண்டே வந்தாள். 2030 என்று ஒரு பக்கத்தைத் தலைப்போடு வெறுமையாக விட்டிருக்கிறாள்.

பெரியவர்கள் மறக்க விரும்புவதை அங்கே தோண்ட வேண்டாம். அவர்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனால் போகட்டும்.

உணவுக்குப் பின் சிறிது தூக்கம். அதைத் திட்டமிட வேண்டியதில்லை. மாலையில் ஆட்டம். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தால் ஆடுபுலி ஆட்டம் ஆயிற்று. 3 புலிகள், 15 ஆடுகள், அவ்வளவுதான் முதலீடு. வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் பல்லாங்குழியே சிறந்தது என்பேன், ஏனெனில் குழியில் நான்கு காய் சேர்ந்ததும் "பசு" என்று அள்ளும் அவர்களுடைய வேகத்துக்கு முன் எந்தப் பள்ளி மாணவனின் கணக்கும் நிற்பதில்லை. பலகை இல்லாதவர்கள் சுண்ணாம்பால் 14 வட்டம் வரைந்துகொள்ளலாம். குழிக்கு 5 வீதம் 70 காய் வேண்டும், புளியங்கொட்டை பொருத்தமானது. நம் உயரத்தில் புளியமரம் இல்லாததால் கீழிருந்து ஒரு பை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அது வாசலருகே நாற்காலியின் மேல் இருக்கிறது. வேண்டுவோர் போகும்போது எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.