அம்மாவின் மறதியும் வயிற்றுக்குள் வாழும் பாக்டீரியாவும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்தில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குடல் பாக்டீரியாவுக்கும் அல்சைமர் நோய்க்கும் என்ன தொடர்பு என்று பேசக் கூப்பிட்டார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். என் அம்மாவுக்கு நாலு வருடமாக இந்த நோய்.

முதலில் கூழுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். அப்புறம் பாகாயத்தில் இறங்க வேண்டியவர் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார். "வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் என் தம்பி ஒரு டப்பா மாத்திரை வாங்கி வந்தான். நல்ல பாக்டீரியா, ஞாபக சக்திக்கு என்று மேலே அச்சடித்திருந்தது. "அக்கா, இந்த நோயே வயித்துலதான் ஆரம்பிக்குதாம்" என்றான். அவன் எங்கேயோ கேட்டது முழுப் பொய் இல்லை. அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1906-ல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர், ஞாபகம் இழந்து இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முடிச்சுகள். படிவில் இருப்பது அமிலாய்டு, முடிச்சில் இருப்பது டௌ என்று இன்று தெரியும். இரண்டுமே புரதங்கள்.

இந்தப் படிவு உண்டாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை, எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்த்துப் பார்த்தார்கள். படிவு குறைவாக இருந்தது. நோயுள்ள எலியின் குடல் பாக்டீரியாவை அவற்றுக்குக் கொடுத்ததும் படிவு கூடியது. இது வெளியானது 2017-ல். அதே வருடம் அமெரிக்காவில் விஸ்கான்சினில் 25 அல்சைமர் நோயாளிகளின் மலத்தைச் சோதித்தார்கள். நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்திருந்தன.

சரி, வயிற்றில் இருப்பது மூளையை எப்படித் தொடும்? நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகிறது. அதில் ஒன்றான பியூட்டிரேட்தான் பெருங்குடல் சுவருக்குச் சாப்பாடு. சுவர் பலவீனமானால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து அழற்சியைக் கிளப்பும். அந்த அழற்சி மூளையின் காவல் செல்களையும் உசுப்பிவிடும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் துருவிக்கொண்டிருக்கும் வழி.

இந்த அமிலங்கள் நம் ஊருக்குப் புதிதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கலந்து பார்த்தார்கள். குடல் பாக்டீரியா அதை இதே அமிலங்களாக மாற்ற, பெருங்குடல் கூடுதலாக உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொண்டது. வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. 2000-ல் வெளிவந்த ஆய்வு அது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்படியானால் அந்த அமிலம் மூளைக்கும் நல்லதுதானே என்று தோன்றும். 2023-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வில் நேர்மாறாக நடந்தது. டௌ கோளாறு உள்ள, கிருமியில்லாத எலிகளுக்கு இந்த அமிலங்களைக் கொடுத்ததும் மூளைச் சேதம் அதிகமானது! நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று டப்பாவில் எழுதுகிற அளவுக்கு விஷயம் சுலபமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் அம்மா சாப்பிட மறக்கிறார், தண்ணீர் குடிக்க மறக்கிறார், நடப்பதும் குறைந்துவிட்டது. மலச்சிக்கல் வேறு. இதனாலேயே குடல் பாக்டீரியா மாறிப்போகும். நோயால் குடல் மாறியதா, குடல் மாறியதால் நோய் வந்ததா என்பதை 25 பேரின் மலத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அந்த டப்பாவைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும், காலையில் மோரும் தருகிறேன். முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு என்றால் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிடுவார். ஞாபகம் திரும்பும் என்று நினைத்துத் தரவில்லை. மலம் சிரமமில்லாமல் போகிறது, அந்த நாளில் அவர் எரிச்சல் படுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மறதி தொடங்கினால் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போய், பி12 சத்தும் தைராய்டும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், அதற்கு மருந்து உண்டு. பி12 குறைவதற்குக் குடலும் ஒரு காரணம். 1960-களில் வடாற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் பரவியபோது வேலூர் மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். அந்த நோய் வந்தவர்களின் குடலால் பி12 சத்தைச் சரியாக உறிஞ்ச முடியாது.

என் அம்மாவுக்கு இரண்டு சோதனையும் சரியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் மருத்துவர் அல்சைமர் என்றார்.