நீலியின் கண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

அரசியல் மேடைகளைக் கவனிப்பவர்களுக்கு ஒரு சொல் பழகிப்போயிருக்கும். ஒரு கட்சியினர் உழவர்களுக்காகவோ மீனவர்களுக்காகவோ உருக்கமாகப் பேசியதும், மறுதரப்பினர் எழுந்து, "இது நீலிக்கண்ணீர்" என்று சொல்லிவிடுவார்கள். வீடுகளிலும் அந்தச் சொல் புழங்குகிறது. சொத்துப் பிரிவினையிலோ குடும்பப் பிணக்கிலோ ஒரு பெண் கண்கலங்கத் தொடங்கியவுடன், "நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்று யாரேனும் அவள் வாயை அடைத்துவிடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொய்யழுகையைக் குறிக்க முதலைக்கண்ணீர் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. ஆயினும் முதலை அழுவதற்குச் சபை தேவையில்லை. நீலியின் கண்ணீரோ ஊரார் கூடியிருந்த மன்றத்தில், தீர்ப்பு வேண்டிச் சிந்தப்பட்ட கண்ணீர். ஒரு பெண்ணின் பெயர் எவ்வாறு பழிச்சொல்லாக மாறியது என்பதையே இன்று பேச விரும்புகிறேன். அல்லி என்ற பெயரையும் இறுதியில் எடுத்துக்கொள்ள எண்ணியிருக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில், காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காட்டுக்கு அருகில் பழையனூர் என்ற ஊர் இருக்கிறது. பழையனூர் நீலியின் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. பெயர்களும் நிகழ்ச்சிகளும் வடிவத்துக்கு வடிவம் மாறும். பரவலாக வழங்கும் வடிவம் இது. காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன், ஊரில் மனைவி இருக்க, அதை மறைத்துக் காசியில் இன்னொரு பெண்ணை மணந்தான். அவளை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், உண்மை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, அவளைக் கொன்றுவிட்டான். மறுபிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான். அவள் நீலி என்ற பேயானாள். தன்னைக் காத்துக்கொள்ள மந்திரக் கத்தி ஒன்றை ஏந்தி அவன் பழையனூர் வழியே வந்தபோது, நீலி அவனுடைய மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைப் பின்தொடர்ந்தாள்.

அவன் அஞ்சி ஓடி, ஊர் வேளாளர் எழுபது பேர் கூடியிருந்த மன்றத்தில் புகலடைந்தான். நீலியும் அங்கே வந்து, "என் கணவர் என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகிறார்" என்று அழுதாள். அவன், "இவள் பேய், என் மனைவி இல்லை" என்று கதறினான். குழந்தையோ அவனை அப்பா என்று அழைத்து மடியில் ஏறியது. மன்றத்தார் அவள் பக்கம் சாய்ந்து, இருவரும் அன்றிரவு ஓரறையில் தங்கட்டும் என்று தீர்ப்பளித்தார்கள். உன் உயிருக்குக் கேடு வந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்களித்து, அவனுடைய கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிந்தபோது வணிகன் இறந்துகிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள்.

இது மிகப் பழைய கதை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டு இறைவனைப் பாடும்போதே, வஞ்சத்தால் ஒருத்தி உயிர் கவர்ந்த செய்தியைக் குறிப்பிட்டுவிடுகிறார். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் சேக்கிழார் புராணத்தில், வேளாளரின் பெருமைக்குச் சான்றாக அந்த எழுபது பேரின் தீப்புகலைப் போற்றுகிறார். இங்கே நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். எழுபது பேரின் வாய்மையைப் போற்ற வந்த கதையில், அவர்களை ஏமாற்றியவள் முழுப் பொய்யளாகத்தான் இருந்தாக வேண்டும். ஆகவே கதையின் இரண்டாம் பாதி மட்டும் ஊரில் பரவி, அந்தப் பாதியிலிருந்து ஒரு தொடரும் பிறந்துவிட்டது. காசியிலிருந்து வரும் வழியில் நடந்த கொலையைச் சுட்ட நம்மிடம் தொடர் எதுவும் இல்லை.

மன்றத்தில் அவள் என்ன சொன்னாள் என்பதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். தன் கணவன் தன்னைக் கைவிட்டான் என்று சொன்னாள். அவள் எடுத்த உருவம் பொய். இடுப்பிலிருந்த குழந்தை கள்ளிக்கட்டை. அவள் வழக்கு மட்டும் உண்மை. முற்பிறவியில் நடந்ததை எந்த மன்றம் விசாரிக்கும்? அதனால்தான் அவள் இந்தப் பிறவியின் வேடத்தில் வந்து அழ வேண்டியிருந்தது. இதை நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன்: அந்தக் கண்ணீரைப் பொய் என்று முற்றாகத் தள்ளிவிட முடியாது.

பொய்யென்று ஒருவரும் சொல்ல முடியாத கண்ணீர் வடித்த மற்றொரு நீலியும் தமிழில் இருக்கிறாள். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறவிக் கதையைச் சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை, அரசனிடம் பணிபுரிந்த பரதன் என்பவன் பகைநாட்டு ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்கிறான். சங்கமனின் மனைவி பெயர் நீலி. அவள் மன்றத்திலும் தெருக்களிலும் திரிந்து, அரசனைக் கேட்டு, ஊராரைக் கேட்டு, இது முறையோ என்று பதினான்கு நாள் ஓலமிடுகிறாள். பின்னர் ஒரு மலையேறி, இதைச் செய்தவர்களும் இதே துயரை அடைக என்று சபித்து உயிர் விடுகிறாள். அந்தப் பரதனே கோவலனாகப் பிறந்தான் என்கிறது காப்பியம். கண்ணகியின் வழக்குக்கு முன்னால் நடந்த வழக்கு நீலியின் வழக்கு. ஊர்மன்றத்தில் அழுத இரண்டு நீலிகளில் யாருடைய கண்ணீரை நம் பேச்சுவழக்கு எடுத்துக்கொண்டது என்பதை நேயர்களே காண்கிறீர்கள்.

அதே சிலப்பதிகாரத்தில், வேட்டுவ வரியில், நீலி என்பது கொற்றவையின் பெயர்களுள் ஒன்றாக வருகிறது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

சமணர்களோ பழையனூர் நீலியையே வேறு வழியில் கொண்டுசென்றார்கள். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்த ஏவப்பட்டு வந்த பழையனூர் நீலி, அவருடைய உறுதியைக் கண்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் என்று ஒவ்வொருவரோடும் வாதிட்டு வெல்கிறாள். அழுது வென்றவள் என்று ஊர் சொன்ன ஒருத்தியை, வாதத்தால் வெல்பவளாக எழுதிய அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரின் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும். 1936ஆம் ஆண்டில் அ. சக்கரவர்த்தி நயினார் இந்நூலைப் பதிப்பித்தார்.

குமரி மாவட்டத்துப் பக்கம் போனால் நீலி இசக்கியம்மனாக வழிபடப்படுகிறாள். வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் கொடைவிழாவில் அவள் கதையைப் பாடும்போது, அவள் கொலையுண்ட இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கே கள்ளிச்செடிதான் அந்தக் கொலைக்குச் சாட்சி. பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அவள் முன் நின்று அழுகிறார்கள். அந்த அழுகையை அங்கே எவரும் நீலிக்கண்ணீர் என்று சொல்வதில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடியப் போகிறது. அல்லியைப் பற்றிச் சில சொற்களில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு பெண்ணின் சொல் எடுபட்டால், "அங்கே அல்லி ராஜ்யம்" என்கிறோம். அல்லி அரசாணி மாலை என்ற நாட்டுப்பாடல், மதுரையைப் பகைவனிடமிருந்து மீட்டுத் திறம்பட ஆண்ட அரசியாகத்தான் அவளைக் காட்டுகிறது. அருச்சுனன் பாம்பு உருவில் அவளது அறைக்குள் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிட்டுப் போனான் என்பதும் அதே பாடலில்தான் இருக்கிறது. இதை விரித்துச் சொல்ல இப்போது நேரமில்லை. கொடைவிழாக்களில் நீலி கதையைக் கேட்டு வளர்ந்த நேயர்கள், தங்கள் ஊரில் பாடப்படும் வடிவத்தை நிலையத்துக்கு எழுதியனுப்பினால் மிகவும் மகிழ்வேன். வணக்கம்.