ஒதுக்கினால் உடம்பு நோகுமா? ஒரு பந்து விளையாட்டு காட்டிய உண்மை

[மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரை, பின்னேரம்]

வணக்கம். கூட்டாளிகள் இரண்டு பேர் பந்து எறிந்து விளையாடுகிறார்கள். நீங்களும் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள், ஆனால் உங்களுக்குப் பந்து வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ குத்துகிறதே, அது பனடோல் போட்டால் குறையுமா? பொறுங்கள், சொல்கிறேன்.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் தன் நாயோடு பூங்காவில் இருந்தார். யாரோ எறிந்த பறக்கும் தட்டு அவர் பக்கம் வந்தது. திருப்பி எறிந்தார். அவர்களும் அவருக்கு எறிந்தார்கள். கொஞ்ச நேரம் நல்லாகத்தான் போனது. திடீரென அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்கள்! இருந்தும் மனிதருக்கு மனம் நொந்துவிட்டது. அந்த நோவை வைத்தே ஒரு கணினி விளையாட்டைச் செய்தார். திரையில் மூன்று பேர். முதலில் உங்களுக்கும் பந்து வரும். மறுகா மற்ற இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்வார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இதை இணையத்தில் விளையாடினார்கள். பந்து குறையக் குறைய மனமும் வாடியது.

2003இல் இதே விளையாட்டை மூளையைப் படம் பிடித்துக்கொண்டே ஆட வைத்தார்கள். உடல் வலி தரும் வேதனையோடு தொடர்புடைய பகுதி அங்கேயும் வேலை செய்தது. சரி, பனடோல்? 2010இல் ஓர் ஆய்வு, அதில் இருக்கும் பரசிட்டமோல் மருந்தை மூன்று கிழமை தினமும் எடுத்தவர்களுக்கு மனநோவு குறைந்ததாகச் சொன்னது. அதற்காக நீங்கள் போட்டுவிடாதீர்கள், அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு.

என்னை உலுக்கியது 2004ஆம் ஆண்டு ஆய்வுதான். 'உங்களோடு ஆடுவது ஆட்கள் இல்லை, வெறும் கணினி' என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆட வைத்தார்கள். அப்படியும் நொந்தது!

அதை வாசித்தபோது ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். கல்யாண வீட்டில் பலகாரம் சுட அவர் வேண்டும். ஆலாத்தி எடுக்கும் நேரம் வந்தால் மட்டும், "அக்கா, நீங்க கொஞ்சம் அங்கால நில்லுங்க." கணவர் இல்லாதவர், அதனால். கேட்டால், "அது சம்பிரதாயம்தானே, ஆரும் வேணுமெண்டு செய்யல்லையே" என்பார்கள். வேண்டுமென்று செய்யத் தெரியாத கணினி ஒதுக்கியதற்கே நொந்துபோனார்கள். கூடப் பிறந்த தங்கை சொன்னால் நோகாதா?

மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், படுவான்கரை, எழுவான்கரை எங்கும் போரிலும் 2004 சுனாமியிலும் கணவரை இழந்த பெண்கள் எத்தனை பேர்! பெரியம்மா முதலில் கல்யாணங்களுக்குப் போவதை விட்டார். பிறகு மாதர் சங்கத்துக்கும் போவதில்லை.

இது உடம்பையும் தொடும் விஷயம். ஓய்வு பெற்ற 424 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. ஓய்வுக்கு முன் சங்கம் போன்ற இரண்டு குழுக்களில் இருந்தவர் இரண்டையும் தொடர்ந்தால் அடுத்த ஆறு ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு 2 வீதம். ஒன்றை விட்டால் 5. இரண்டையும் விட்டால் 12.

ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். ஆலாத்தித் தட்டைப் பெரியம்மாவின் கையில் கொடுக்க அம்மா சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடம்தான் இன்னும் பேசவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இதைப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். எனக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது.