மெய்ப்பு முடியாமல் மேடை போடாதீர்கள்

(சேலத்தில், சொந்தமாக முதல் நூல் வெளியிட இருப்பவர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி, மலையிலிருந்து ஏற்காடு என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் கவிதை எழுதியிருக்கிறீர்கள், சிலர் ஊர் வரலாறு, ஒருவர் காப்பித் தோட்ட வேலை பற்றி. எழுதியது எதுவானாலும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எழுதி முடித்தாயிற்று, அடுத்த மாதம் வெளியிட்டுவிடலாமா?"

அடுத்த மாதம் வேண்டாம். 160 பக்க நூல் என்றால் நான்கு மாதம் ஒதுக்குங்கள். அதில் பாதி மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்கு முன் படித்துப் பிழை திருத்தும் வேலைக்குப் போகட்டும். ஏன் இவ்வளவு என்கிறீர்களா? ஒரு பிழையைத் தட்டச்சுக் கோப்பில் திருத்தினால் காசு செலவில்லை. பக்கம் கட்டிய பிறகு, அதாவது எழுத்தைப் பக்கங்களாக வடிவமைத்த பிறகு திருத்தினால் வரி நகரும், பக்கம் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். பிளேட், அதாவது அச்சுத் தகடு போட்ட பிறகு திருத்தினால் அந்த ஃபாரத்துக்கு, அதாவது ஒன்றாக அச்சாகும் பக்கத் தொகுதிக்கு, புது பிளேட். அச்சான பிறகு கண்டால், பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆகவே இன்று நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க வரிசையைப் பற்றி. ஒன்றை முடித்துப் பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும்.

முதலில் பூட்ட வேண்டியது மூலப்பிரதி. ஒரு தாளை எடுத்து, உங்கள் நூலில் இரண்டு விதமாக எழுத வாய்ப்புள்ள சொற்களையெல்லாம் வரிசையாக எழுதி, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். ஏற்காடா ஏர்க்காடா, சேர்வராயன் மலையா சேர்வராயர் மலையா, கோயிலா கோவிலா, கறுப்பா கருப்பா? கோயிலும் சரி, கோவிலும் சரி. ஆனால் 12ஆம் பக்கத்தில் ஒன்று, 40ஆம் பக்கத்தில் இன்னொன்று என்று வந்தால் வாசகருக்கு நூலின் மேலேயே நம்பிக்கை போய்விடும். ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தாள் இரண்டு மூன்று பக்கத்துக்குப் போகும். போகட்டும், பிழை திருத்துபவருக்கும் பக்கம் கட்டுபவருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.

வாணி, நாவி போன்ற தமிழ்ப் பிழைதிருத்திகள் இணையத்தில் இருக்கின்றன. கட்டாயம் பயன்படுத்துங்கள், ஆனால் அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். 'பணி' என்று வரவேண்டிய இடத்தில் 'பனி' என்றும், 'அறை' இருக்க வேண்டிய இடத்தில் 'அரை' என்றும் இருந்தால், இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கருவிக்குச் சந்தேகமே வராது. ஒற்று விஷயமும் அப்படித்தான். 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம்; 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் ஈட்டி. எழுதியவரின் மனம் அறிந்த ஒரு மனிதர்தான் இதைப் பிடிக்க முடியும். 'சுவற்றில்', 'முயற்சித்தான்', 'அருகாமையில்' போன்ற பழகிப்போன பிழைகளையும் நல்ல மெய்ப்புத் திருத்துநர் களைந்துவிடுவார். 'அருகாமை' என்பதை இலக்கணப்படி பிரித்தால் அருகில் இல்லாமை என்றல்லவா ஆகிறது?

மெய்ப்பு மூன்று சுற்று. முதல் சுற்றில் மூலத்தையும் அச்செடுத்த மெய்ப்புத் தாளையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விடுபட்ட பத்தி இதில்தான் தெரியவரும். இரண்டாவது சுற்றில் ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தாளைப் பார்க்க வேண்டும். தன் எழுத்தைத் தானே படிக்கும் கண், இருக்க வேண்டியதைப் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது. மூன்றாவது சுற்றில் வாசகத்தை விட்டுவிட்டுப் பக்க எண், தலைப்பு வரி, பொருளடக்கம், படக்குறிப்பு ஆகியவற்றை மட்டும் பாருங்கள். மூன்றையும் தாளில் அச்செடுத்துச் செய்யுங்கள், கைப்பேசித் திரை வேண்டாம். ஒரு சொல்லைத் திருத்தினால் அந்தப் பத்தி முடியும்வரை மறுபடி படியுங்கள். திருத்தும்போது நுழையும் புதுப் பிழைதான் பெரும்பாலும் அச்சுவரை போய்ச் சேருகிறது.

அடுத்தது எழுத்துரு. தமிழ் நூலுக்கே உரிய தலைவலி இது. நீங்கள் ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்திருப்பீர்கள். பக்கம் கட்டுபவர் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் வேலை செய்பவராக இருந்தால் முழுக் கோப்பையும் மாற்றுவார். மாற்றும்போது மேற்கோள் குறிகள் வேறு குறிகளாகும், நீண்ட கோடு காணாமல் போகும், ஸ்ரீ உடையும், ஒகர ஓகாரக் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ஆகவே மாற்றிய கையோடு இவற்றைத் தனித்தனியாகத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒருங்குறியிலேயே கட்டுபவர் கிடைத்தால் அவரிடமே கொடுங்கள், பின்னால் மின்னூல் செய்யவும் அதே கோப்பு உதவும். அங்கும் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பிழை உண்டு. 'கௌரவம்' என்ற சொல்லில் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டச்சு செய்கிறவர்கள் நிறையப் பேர். தாளில் வித்தியாசம் தெரியாது. மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது, உரக்கப் படிக்கும் செயலி 'கெளரவம்' என்று ளகரத்தை அழுத்தி உச்சரிக்கும்.

பக்கம் கட்டும்போது நூலின் உள் எழுத்து 11 அல்லது 12 புள்ளி (பாயின்ட்) அளவு போதும். ஆனால் வரி இடைவெளியில் கஞ்சத்தனம் கூடாது. மேலே சுழியும் கீழே வாலும் உள்ள எழுத்து நம்முடையது. 11 புள்ளிக்கு 15, 16 புள்ளி இடைவெளி விட்டால்தான் கண் வலிக்காமல் படிக்கலாம். நம் சொற்கள் நீளமானவை, இரு ஓரமும் சமமாக நிறுத்தினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். சொல்லை உடைக்க அனுமதியுங்கள். ஆனால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பக்கம் பாதி அழகாகிவிடும்.

அச்சகத்தில் முதலில் கேட்பது "எத்தனை ஃபாரம்?" என்பதுதான். டெமி அளவில், அதாவது 14க்கு 21.5 சென்டிமீட்டரில், 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கம் பத்து ஃபாரம். உங்கள் நூல் 163 பக்கத்தில் முடிந்தால் பதினோராவது ஃபாரத்தின் 13 பக்கம் வெள்ளையாகக் கிடக்கும், அதற்கும் காசு. என்னுரையைச் சுருக்குங்கள், அத்தியாய முடிவில் தொங்கும் இரண்டு வரியை உள்ளே இழுங்கள், மூன்று பக்கம் குறைந்துவிடும். அணிந்துரையும் இங்கேதான் கணக்கைக் கெடுக்கும். பெரியவர்களிடம் அணிந்துரை கேட்டால் இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள், நான்கு பக்கத்துக்குள் கேளுங்கள். ஒரு அணிந்துரை போதும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று அணிந்துரையைத் தாண்டி நூலுக்குள் வர வாசகருக்குப் பொறுமை இராது.

உள்தாளுக்கு 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்) மேப்லித்தோ என்ற வகைத் தாள் நல்ல தேர்வு. கரூர்ப் பக்கம் புகளூரிலும், நமக்கு அருகே பள்ளிபாளையத்திலும் ஆலைகள் இருக்கின்றன. எந்த ஆலைத் தாள் என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். நூல் முழுவதும் ஒரே சரக்காக இருக்க வேண்டும். இரண்டு சரக்கு கலந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது வெள்ளையும் மங்கலுமாகக் கோடு தெரியும். தாளில் நார் ஓடும் திசை நூலின் முதுகுக்கு இணையாக இருக்கட்டும். ஒரு தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் வழுவழுவென்று மடிகிறதோ அதுதான் நார்த் திசை. குறுக்கே ஓடினால் நூல் விறைப்பாக நிற்கும், விரித்து வைத்தால் பட்டென்று மூடிக்கொள்ளும், நாளடைவில் பக்கம் கழன்று வரும்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. 70 ஜிஎஸ்எம் உள்தாளில் 160 பக்கம் என்றால் 80 இலை, முதுகு ஏறக்குறைய 7 முதல் 8 மில்லிமீட்டர் வரும். அச்சகத்தில் அதே தாளில் வெற்று மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லி, அளந்த பிறகே அட்டையை முடியுங்கள். முதுகு 8 என்றால் முன்னட்டை, பின்னட்டை, முதுகு சேர்த்து 288 மில்லிமீட்டர். வெட்டுக்காக நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூட்டினால் 294க்கு 221. தலைப்பு எழுத்து வெட்டு ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். படம் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் மலைப்பச்சையும் வான நீலமும் அச்சில் மங்கும், அதனால் நான்கு வண்ண முறைக்கு மாற்றிய மாதிரியைத் தாளில் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். சிறிய எழுத்துகளின் கறுப்பு ஒரே மையில் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பானால், ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையவழியில் இலவசமாகவே தருகிறது. இதற்குக் காசு கேட்பவரிடம் என்ன சேவைக்காக என்று கேளுங்கள். காகித நூலுக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். மாற்றமில்லாமல் மறு அச்சு போட்டால் பழைய எண்ணே போதும். 13 இலக்கங்களையும் மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். அட்டையை அனுப்புமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், ஓர் இலக்கம் பிசகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஐஎஸ்பிஎன் வாங்கினால் பதிப்புரிமை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியபோதே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது உங்கள் விருப்பம். அதே சட்டம் மற்றவருக்கும் பொருந்தும். ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும் என்பதால், அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாடல் வரியைப் போட ஆசைப்பட்டால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளைத் தாராளமாக எடுத்தாளலாம், எடுத்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை பிரதி? முதல் நூலுக்கு 300 போதும். நான் சொன்ன தாளில் ஒரு பிரதி சுமார் 190 கிராம். ஆயிரம் பிரதி என்றால் 190 கிலோ. அதை எந்த அறையில் வைப்பீர்கள்? நூறுக்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சு. எண்ணிக்கை ஏற ஏற, பிளேட் செலவு பிரிந்துபோவதால் ஆஃப்செட் மலிவாகும். இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

விலை வைப்பதில் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பிரதிக்கு அச்சுச் செலவு 70 ரூபாய். மெய்ப்பு, பக்கம் கட்டுதல், அட்டை எல்லாம் சேர்ந்து 15,000. அதை 300ஆல் வகுத்தால் பிரதிக்கு 50. அடக்கம் 120. நூலுக்கு 200 விலை போட்டு, கடைக்கு 35 சதவீதக் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 130. மீதம் பத்து ரூபாய், அதில் அன்பளிப்புப் பிரதிகள், பேருந்துக் கட்டணம், தபால். அஞ்சல் துறையின் பதிவு நூலஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுவிட்டதால் தபால் செலவும் கூடிவிட்டது. ஆகவே 240 என்று வைக்கத் தயங்காதீர்கள்.

அச்சகம் சேலத்திலேயே இருந்தால் முதல் ஃபாரம் ஓடும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். மை சீராக இருக்கிறதா, பக்கங்கள் வரிசையாக மடிகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நவம்பர், டிசம்பரில் வேலை கொடுக்காதீர்கள். சிவகாசி நாட்காட்டி வேலையில் மூழ்கியிருக்கும், சென்னை அச்சகங்கள் ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு ஓடிக்கொண்டிருக்கும்; உங்கள் 300 பிரதி கடைசி வரிசைக்குப் போய்விடும். புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்து, பத்துப் பிரதியைப் பிரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்த பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள். அழைப்பிதழும் அதற்குப் பிறகுதான்.

வைத்துக் காப்பதில் மலைக்கும் தரைக்கும் வேறு வேறு கவலை. ஏற்காட்டில் மழைமாத ஈரம் அட்டையின் உட்பக்கத்தில் ஏறும். வெளிப்பக்கம் லேமினேஷன் இருப்பதால் அது விரியாது. விளைவு, அட்டை வெளிப்புறமாகச் சுருண்டுகொள்ளும். கட்டுகளைப் படுக்கையாக அடுக்கி மேலே கனம் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரப்பலகை மேல். கரையானும் இராமபாணப் பூச்சியும் தரையோரமாகத்தான் வரும். சேலத்தில் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கட்டை விட்டுவைத்தால் முதுகுப் பசை இளகும். அந்த நிலையில் நூலை விரித்தால் நடுப்பக்கம் கையோடு வந்துவிடும்.

வெளியிட்ட 30 நாளுக்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். சொந்த வெளியீட்டில் பதிப்பாளர் நீங்கள்தான். முன்னூறிலிருந்து நான்கை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். ஐந்தாவதாக ஒரு பிரதியை எடுத்து, முதல் பக்கத்தில் 'திருத்தப் பிரதி' என்று எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் சொல்லும் பிழை ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் அதில் குறியுங்கள். அச்சகத்திலிருந்து இறுதிப் பிடிஎஃப் மட்டும் வாங்கி வராமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுத்துருக்களையும் சேர்த்து வாங்கி வாருங்கள். பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.