உதவிக்கு வந்த உறவை வழியனுப்புவது

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இரண்டு நாள் விருந்தாளியை அனுப்ப நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மாதக்கணக்கில் இருந்து வீட்டைத் தாங்கியவர்களை அனுப்புவதில்தான் சொதப்புகிறோம். பேறுகாலத்துக்கு வந்த சித்தி, இடுப்பெலும்பு முறிந்த பெரியவரைப் பார்த்துக்கொள்ள வந்த ஒன்றுவிட்ட அக்கா, சம்பா அறுவடைக்கு வந்து நேரடி கொள்முதல் நிலையத்தில் எடை போடும்வரை நெல்லுக்குக் காவல் படுத்த மைத்துனர்: தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் இப்படி ஒருவர் வந்து நிற்காத வீடு குறைவு.

முதலில் தேதி. "எப்பக் கிளம்புறீங்க?" என்று மொட்டையாகக் கேட்டால் துரத்துகிற மாதிரி இருக்கும். கேட்காமலே விட்டாலோ, சொந்த வீட்டைப் போட்டுவிட்டு வந்தவர் வாய்திறக்க முடியாமல் தவிப்பார். "மாசி பிறந்ததும் டிக்கெட் பார்க்கட்டுமா, பங்குனியா சித்தி?" என்று கேளுங்கள், முடிவு அவர் கையில் இருக்கும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாள் இருந்தது. அந்தப் பழைய கணக்கில் இருக்காதீர்கள். தஞ்சாவூரிலிருந்து உழவன், மன்னார்குடியிலிருந்து மன்னை, இரண்டும் சென்னைக்கு இரவு வண்டி. வயதானவருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டுமென்றால் அவருக்குத் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். குடும்பத்தோடு சேர்த்து நான்கைந்து பேராகப் போட்டால் மூத்தோருக்கான ஒதுக்கீடு கிடைக்காது.

நாள் பார்க்கிறவர்கள் தேதியை உறுதி செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். நமக்குச் சென்னை வடக்குத் திசையில் இருக்கிறது, செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். தவிர்க்க முடியாவிட்டால் பால் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று தினசரி காலண்டரே பரிகாரம் சொல்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் வாதாட வேண்டாம். கிளம்புகிறவர் மனம் நிம்மதியாக இருக்க ஒரு தம்ளர் பால் பெரிய செலவில்லை.

அடுத்தது கைமாற்றுவது. இதற்குப் பத்து நாளாவது வேண்டும். சித்தி போன மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் பல வீடுகளில் உண்மை தெரிகிறது: பால் கணக்கு யாருக்கும் தெரியாது, கேஸ் எந்த நம்பரிலிருந்து பதிவு செய்தார்கள் என்று தெரியாது, குழந்தை புதுக் கைக்கு அடங்காமல் வீறிடுகிறது. கடைசி வாரம் முழுக்கக் குழந்தையைத் தாய் குளிப்பாட்டட்டும், சித்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். காலை நீட்டி உட்காருவது, குழந்தையைக் குப்புறப் போடும்போது முகத்தைத் தாங்குவது, முழங்கையின் உட்பக்கத்தால் வெந்நீரின் சூட்டைப் பார்ப்பது எல்லாம் பழகினால்தான் வரும். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை மட்டும் கைமாற்றிக்கொள்ளாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

நோயாளி இருக்கும் வீட்டில், வெறும் வயிற்றுக்கு எந்த மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு எது என்று பார்த்துக்கொண்டவர் சொல்லச் சொல்ல எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள முனை கடைசியில் கிழிபடுகிற மாதிரி மாத்திரை அட்டையை எடுத்துப் பழகுங்கள். சமையலிலும் அப்படித்தான். குழம்புப் பொடிக்குக் கால் கிலோ மிளகாய்க்கு அரை கிலோ மல்லி போட்டாரா, கூடவா? அவர் இருக்கும்போதே ஒரு தடவை சேர்ந்து அரைத்துவிடுங்கள்.

பணம். பேச்சு தடுமாறும் இடம் இதுதான். காய்க்கும் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் அவர் கைக்காசைப் போட்டிருப்பார். அது கடன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள். நூறு நாள் வேலையையோ தையலையோ விட்டுவிட்டு வந்திருந்தால் அந்த நஷ்டத்தையும் நாம்தான் நினைக்க வேண்டும். நாலுபேர் முன்னால் நீட்டாமல் அவர் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுத் தனியாகச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் தாம்பூலத் தட்டில் வைக்கவே கூடாது. மூன்று மாத உழைப்புக்குத் தட்டில் ஐந்தாயிரம் வைத்தால் கூலி கொடுத்து அனுப்பிய மாதிரி ஆகிவிடும். தட்டில் 101 போதும், 501 தாராளம்.

தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், புடவை. கணவரை இழந்த அத்தைகளும் பெரியம்மாக்களும்தான் பெரும்பாலும் இப்படி வந்து மாதக்கணக்கில் இருப்பவர்கள். வேலைக்கு அவர்களைக் கூப்பிட்ட வீடு, தட்டு எடுக்கும்போது மட்டும் மஞ்சளையும் பூவையும் ஒதுக்குவது அநியாயம். எல்லோருக்கும் வைக்கிற தட்டையே அவர்களுக்கும் வையுங்கள். எடுத்துக்கொள்வது அவர்கள் விருப்பம். திருபுவனம் பட்டு கௌரவம்தான், ஆனால் அவர் கட்டுகிற நூல் புடவை இரண்டாக எடுத்தால் உடம்பில் ஏறும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு தருவதானால் பிறகு யாராவது கொண்டுபோய்க் கொடுங்கள். முட்டிவலிக்காரரைப் பித்தளை சுமக்க வைக்காதீர்கள்.

கட்டுச்சோறு கெடுவதற்கு முக்கியக் காரணம், சூடாகக் கட்டுவது. ஆவி நீராகி ராத்திரியே நசநசத்துவிடும். இட்லியை நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை இருபுறமும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். காலையில் சாப்பிடத் தயிர்சாதமா? ஒரு தம்ளர் அரிசியைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு தம்ளர், தயிர் ஒரு கரண்டி மட்டும் விட்டால் விடியும்போது புளிக்காமல் இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம்.

கும்பகோணம் மாதிரி நடுவழி ஸ்டேஷனில் வண்டி சில நிமிஷம்தான் நிற்கும். பெட்டி நிற்கும் இடத்தைப் பார்த்து முன்பே போய் நில்லுங்கள். கனமான பை இரண்டுக்கு மேல் ஆகாது. வடகமும் வற்றலும் கொடுக்க ஆசைப்பட்டால் பார்சலில் அனுப்புங்கள். அவர் படியிறங்கிய கையோடு வீட்டைப் பெருக்குவதோ தலைக்குக் குளிப்பதோ நம் பக்கத்தில் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். போய்ச் சேர்ந்ததும் நாமே கூப்பிட வேண்டும். அந்த முதல் போனில் "ஜல்லடையை எங்கே வச்சீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். பிறகு அவர்கள் வீட்டில் கல்யாணமோ அறுவடையோ வந்தால், நாலு நாள் முன்னதாகவே போய் இறங்குங்கள். பந்திக்கு மட்டும் போய் நிற்காதீர்கள்.